பல் பிடுங்கல்

பல் பிடுங்கல் அல்லது பல் அகற்றல் என்பது தாடை எலும்பில் உள்ள பற்குழியிலிருந்து ஒரு பல்லை வேரோடு வெளியே எடுக்கும் மருத்துவச் செயலாகும். பல் மருத்துவத்தின் மிகப் பழைய சிகிச்சைகளுள் இதுவும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பல்வலியால் துன்புற்ற பெரும்பாலானோருக்குக் கிடைத்த ஒரே நிலையான தீர்வும் இதுவாகவே இருந்தது. தற்காலத்தில் உட்கூழ் அழுகிய பல்லைக்கூட வேர்ச் சிகிச்சை மூலம் பல ஆண்டுகள் வாயிலேயே காத்து வைக்க இயலும். எனவே பல் மருத்துவர்கள் பிடுங்குதலை இறுதி வழியாகவே கருதுகின்றனர். எனினும் அந்த இறுதி வழி தேவைப்படும் நிலை வந்தபின் அதைத் தள்ளிப்போடுவது, தேவையின்றிப் பிடுங்குவதைக் காட்டிலும் ஆபத்தானதாக முடியலாம்.

பல் தாடையில் நிற்கும் முறை

பல்லை எவ்வாறு எடுக்கின்றனர் என்பதைப் புரிந்துகொள்ள, அது எவ்வாறு நிற்கின்றது என்பதை முதலில் அறிய வேண்டும். பல் எலும்போடு எலும்பாக ஒட்டி வளர்ந்த உறுப்பு அன்று. அதன் வேர் தாடையில் உள்ள குழிக்குள் பொருந்தியிருக்கின்றது. வேருக்கும் குழிச் சுவருக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இடைவெளி உண்டு. ஒரு முனை வேரின் மேற்பூச்சிலும் மறுமுனை எலும்பிலும் பதிந்த எண்ணற்ற நுண்ணிய நார்கள் அவ்விடைவெளியை நிரப்பியுள்ளன. இந்நார்த் தொகுதி பல்சூழ் நார் எனப்படும். மெல்லும்போது எழும் அழுத்தத்தை வாங்கி எலும்பு முழுவதற்கும் பரப்புவது இதுவே. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டால் அந்தக் கணமே நமக்கு உணர்த்துவதும் இதிலுள்ள நரம்பு முனைகளே.

குழியைச் சூழ்ந்த எலும்பும் கல்லைப் போல் இறுகியதன்று. குறிப்பாக இளம் வயதினரில் அது சற்று வளைந்து கொடுக்கும் தன்மை உடையது. நாரை அறுக்கலாம், எலும்புக் குழியை விரிக்கலாம் என்னும் இவ்விரு உண்மைகளின் மேல்தான் பல் பிடுங்கும் முறை முழுவதும் அமைந்துள்ளது. சுவரில் அறைந்த ஆணியை இழுப்பதற்கு இது ஒப்பாகாது. மண்ணில் ஊன்றிய கம்பத்தை முன்னும் பின்னும் அசைத்து, குழியை அகலமாக்கிப் பின் தூக்குவதே இதற்குச் சரியான ஒப்புமை. வயது முதிர்ந்தோரில் எலும்பு இறுகிவிடுவதால் ஒரே வகைப் பல்லை எடுப்பது கடினமாகின்றது.

பாற்பற்களின் கதை வேறு. கீழிருந்து நிலைப்பல் வளர்ந்து வருகையில் பாற்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்துவிடும். அதனால்தான் 20 பாற்பற்களும் பொதுவாக எவர் உதவியும் இன்றி விழுகின்றன. அவ்வாறு விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் தமிழ்நாட்டு ஊர்களில் உண்டு. அந்தப் பல்லில் வேர் இல்லாததைக் கண்டு, அது உள்ளே முறிந்து நின்றுவிட்டதோ எனப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

பிடுங்குவதற்கான காரணங்கள்

முதன்மையான காரணம் பற்சொத்தை ஆகும். வாயில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் முதலில் வெளிப்பூச்சான எனாமலையும், பின்னர் அதன் உள்ளடுக்கான டென்டைனையும் கரைக்கின்றது. எனாமலில் நரம்பு இல்லை. ஆகவே தொடக்கத்தில் வலியும் இல்லை. சொத்தை டென்டைனை எட்டியதும் இனிப்பும் குளிர்நீரும் கூசத் தொடங்கும். அது நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த பற்கூழை அடையும்போது இரவில் தூங்கவிடாத வலி ஏற்படும். இந்நிலையிலும் பெரும்பாலும் வேர்ச் சிகிச்சையால் பல்லைக் காப்பாற்ற முடியும்.

இங்கு நோயாளிகள் பலர் ஏமாறுவது வழக்கம். சில நாட்கள் கடுமையாக வலித்தபின் வலி தானாகவே நின்றுவிடலாம். கிராம்பு வைத்ததால் குணமானது என்றோ, கடையில் வாங்கிய மாத்திரை கேட்டது என்றோ எண்ணிப் பல்லை மறந்துவிடுவர். உண்மையில் நின்றது வலி மட்டுமே. பற்கூழ் இறந்து, அதிலிருந்த நரம்பும் இறந்துவிட்டது. கிருமிகள் வேர்நுனியின் துளை வழியாக எலும்புக்குள் இறங்கி அங்கே சீழ்க்கட்டியை உருவாக்குகின்றன. மாதங்கள் கழித்து வீக்கத்துடன் மருத்துவரிடம் செல்லும்போது, பல்லின் மேற்பகுதி ஈறு மட்டத்திற்குக் கீழே கரைந்து, உறை போடுவதற்குக்கூடப் பிடிமானம் இல்லாமல் போயிருக்கும். அதன்பின் பிடுங்குவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. கிராம்பில் உள்ள யூஜெனால் என்னும் பொருள் சற்று நேரம் வலியை மரக்கச் செய்யும் என்பது உண்மையே. ஆனால் அது சொத்தையை ஆற்றுவதில்லை. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லருகே ஈறில் அடக்கிக்கொள்வது கேடானது. அது ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் வேகவைத்துப் புண்ணாக்கும்.

இரண்டாவது பெருங்காரணம் ஈறுநோய். காரை படிந்து, ஈறு பல்லைவிட்டு விலகி, பல்சூழ் நாரும் எலும்பும் படிப்படியாக அழிகின்றன. பல்லில் சொத்தையே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதைத் தாங்க எலும்பு இருக்காது. புகைப்பிடிப்போருக்கும், கட்டுக்குள் இல்லாத நீரிழிவு உள்ளோருக்கும் இது விரைந்து முற்றும். ஆடும் பற்கள் அனைத்தையும் பிடுங்க வேண்டும் என்பதில்லை. சிறிதளவே ஆடும் பற்கள், ஈறுச் சிகிச்சைக்குப் பின் இறுகுவதும் உண்டு.

பல்சீரமைப்பின்போது இடம் போதாத தாடையில் இடம் உண்டாக்க முன்கடைவாய்ப் பற்களை எடுப்பது, விபத்தில் வேர் நெடுக்காகப் பிளந்த பல்லை எடுப்பது, விழாமல் நின்று நிலைப்பல்லின் வழியை மறிக்கும் பாற்பல்லை எடுப்பது ஆகியனவும் நடைமுறையில் உள்ளவை. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற இருப்போரின் கெட்ட பற்கள் சிகிச்சைக்கு முன்பே அகற்றப்படுகின்றன. கதிர்வீச்சு பெற்ற தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், பிற்பாடு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே இறந்துபோகும் ஆபத்து உண்டு. இதனை முன்கூட்டியே கேட்டறிந்து கொள்ளாமல் பின்னர் அவதிப்படுவோர் உண்டு.

ஞானப்பல்

பதினேழு முதல் இருபத்தைந்து வயதிற்குள் கடைசியாக முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப்பல் ஞானப்பல் எனப்படும். பலருடைய தாடையில் இதற்கு இடம் இருப்பதில்லை. பல் சாய்ந்தோ, படுத்தோ, எலும்புக்குள் முழுதும் புதைந்தோ நின்றுவிடும். பாதி முளைத்த பல்லின்மேல் மூடியிருக்கும் ஈறுமடலுக்கு அடியில் உணவு சிக்கி அழுகுவதால் வீக்கமும், வாய் திறக்க இயலாமையும் ஏற்படுகின்றன. மீண்டும் மீண்டும் இவ்வாறு நேர்ந்தாலோ, அருகிலுள்ள பல்லும் சொத்தையானாலோ ஞானப்பல்லை எடுத்துவிடுவதே நன்று.

தொல்லை தராத ஞானப்பல்லையும் முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஐக்கிய இராச்சியத்தில் பொது மருத்துவச் சேவைக்கு நெறிமுறை வகுக்கும் நைஸ் நிறுவனம், நோயற்ற புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக அகற்றும் வழக்கத்தைக் கைவிடுமாறு 2000 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஐக்கிய அமெரிக்காவில் இளம் வயதிலேயே எடுத்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. இளமையில் எளிதில் எடுக்கலாம், புண்ணும் விரைவில் ஆறும் என்பது ஒரு பக்க வாதம். ஒருபோதும் நோய் தராதிருக்கக்கூடிய பல்லுக்காக நரம்புச் சேதத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும் என்பது மறுபக்க வாதம். ஞானப்பல் முளைப்பதால் முன்பற்கள் நெருக்கமாகிக் கோணுகின்றன என்னும் பரவலான எண்ணத்திற்குப் போதிய சான்று இல்லை.

மேல்தாடைப் பல்லும் கண்ணும்

மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் ஆழமாக வேரூன்றியுள்ளது. இதனால் சீழ் பிடித்த மேற்பல்லை ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் வைத்திருப்போர் பலர். உடற்கூற்றியல் இதனை ஏற்பதில்லை. பார்வைக்குரியது மூளையிலிருந்து வரும் இரண்டாவது நரம்பான பார்வை நரம்பு. மேற்பற்களுக்கு உணர்வளிப்பதோ ஐந்தாவது நரம்பான முக்கிளை நரம்பின் ஒரு கிளை. முக்கிளை நரம்பின் மற்றொரு கிளை நெற்றிக்கும் கண்ணின் மேற்பரப்புக்கும் செல்வதால், மேற்பல் வலிக்கும்போது கண்ணருகேயும் வலிப்பது போன்ற உணர்வு தோன்றுகின்றது. நம்பிக்கையின் தோற்றுவாய் இதுவாக இருக்கலாம். மரக்கும் ஊசி போட்டபின் மிக அரிதாகச் சிலருக்குப் பொருட்கள் இரண்டிரண்டாகத் தெரிவதுண்டு. மருந்தின் வேகம் தணிந்ததும் அது நீங்கிவிடும்.

ஆபத்து உண்மையில் எதிர்த் திசையில்தான் உள்ளது. பிடுங்காமல் விட்ட மேற்கோரைப்பல்லின் சீழ், கன்னத்தின் வழியே கண்குழிக்குப் பரவலாம். முகத்தின் சிரைகள் வழியாக மூளையடியில் உள்ள குகைச் சிரைக்குடாவை எட்டி இரத்தக் கட்டியை உண்டாக்கினால் பார்வை மட்டுமன்றி உயிரும் போகலாம். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லின் சீழ் நாவின் அடிப்புறமாகக் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழலை நெருக்கும் நிலையை, செருமானிய மருத்துவர் லுட்விக் 1836 ஆம் ஆண்டில் விவரித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. வாய்க்கடியிலும் தாடைக்கீழும் வீக்கம், விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல், காய்ச்சல் ஆகியன சேர்ந்து தோன்றினால் அடுத்த நாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீக்கம் வற்றிய பின்பே பல்லை எடுக்க வேண்டும் என்பதும் முழு உண்மையன்று. சீழ் பிடித்த இழையம் அமிலத்தன்மை கொண்டிருப்பதால் அவ்விடத்தில் மரக்கும் மருந்து சரியாக வேலை செய்வதில்லை. வாயும் திறக்க வராது. அதனால் சில நாட்கள் தள்ளிவைக்கப்படுவதுண்டு. நன்கு மரக்கச் செய்ய முடியுமானால், கிருமியின் உறைவிடமான பல்லை எடுத்துச் சீழுக்கு வழி விடுவதே சிறந்த சிகிச்சை.

செய்முறை

பிடுங்குவதற்கு முன் எக்ஸ்-கதிர்ப் படத்தில் வேர்களின் எண்ணிக்கை, வளைவு, அருகிலுள்ள நரம்பு ஆகியவை பார்க்கப்படுகின்றன. மேல் முதற் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்களும் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர்களும் உண்டு. நீரிழிவு, இதயநோய், இரத்தக் கசிவு நோய், ஒவ்வாமை, உண்ணும் மருந்துகள், கருவுற்றிருத்தல் ஆகியன பற்றி மருத்துவர் கேட்பது சம்பிரதாயத்திற்காக அன்று. செயற்கை இதய அடைப்பிதழ் பொருத்தியோருக்கு, வாயிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி இதயத்தில் தங்கிவிடாதிருக்க முன்னதாகவே நுண்ணுயிர்க்கொல்லி தரப்படுகின்றது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் முதலியன உண்போர் அவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பற்குழியில் கசியும் இரத்தத்தை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்தலாம். மருந்தை நிறுத்தியதால் வரும் பக்கவாதத்தை அவ்வாறு நிறுத்த இயலாது. எலும்புத் தேய்வுக்கும் சிலவகைப் புற்றுநோய்களுக்கும் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளைப் பெற்றோருக்குப் பல் பிடுங்கியபின் தாடை எலும்பு அழுகக்கூடும் என்பது 2003 ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ளது.

பின்னர் லிக்னோகெய்ன் எனப்படும் மரக்கும் மருந்து ஊசி மூலம் செலுத்தப்படும். இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அதே இடத்தில் நெடுநேரம் நிறுத்துவதற்காக இதனுடன் அட்ரினலின் சேர்க்கப்படுகின்றது. மேல்தாடை எலும்பு நுண்துளைகள் கொண்டதால் பல்லருகிலேயே ஊசி போட்டால் போதும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில் எலும்பு தடித்திருப்பதால், நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்திலேயே அதனைத் தடுக்க வேண்டியுள்ளது. கீழ்ப்பல்லுக்கு ஊசி போட்டால் பாதி உதடு மரத்துப்போவது இதனால்தான். மருந்து வலியைத் தடுக்கும். அழுத்தத்தையும் அசைவையும் தடுக்காது. நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தாடை அமுக்கப்படுவதையும், நார் அறும் ஒலியையும் உணர்வார். இதனை முன்பே அறிந்திருந்தால் பாதி அச்சம் குறையும். கூரிய வலி எழுந்தால் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். மேலும் மருந்து செலுத்த முடியும்.

மரத்தபின், ஈறு பல்லிலிருந்து விலக்கப்படும். நெம்பி என்னும் கருவியை வேருக்கும் எலும்புக்கும் இடையே செலுத்தி மெல்லத் திருக நார்கள் அறுகின்றன. பின்னர் பற்குறடு, பல்லின் தலையை அன்றி வேரின் கழுத்தைப் பற்றுமாறு ஆழமாக வைக்கப்படும். தலையைப் பற்றி இழுத்தால் பல் முறிந்துவிடும். கடைவாய்ப்பல்லைக் கன்னப்புறமும் நாப்புறமும் மாறி மாறிச் சாய்க்கும்போது குழி விரிகின்றது. மேல் நடு வெட்டுப்பல்லின் வேர் கூம்பு போன்றதாகையால் அதைத் திருகியும் எடுக்கலாம். முழு வேரும் வந்துவிட்டதா எனச் சரிபார்த்தபின், விரிந்த குழிச்சுவரை விரல்களால் அமுக்கி, பஞ்சுத்துணியை மடித்துக் கடிக்கச் சொல்வர். முறிந்த வேர்களையும் புதைந்த பற்களையும் எடுக்க, ஈறைக் கீறி, சிறிது எலும்பை நீக்கி, தேவைப்பட்டால் பல்லையே துண்டுகளாக்கி எடுத்துத் தையல் போடுவர்.

புண் ஆறும் விதம்

பல் போன குழியில் நிரம்பும் இரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டிதான் இயற்கை தரும் கட்டு. அதன் மேல்தான் புதிய இழையமும் பின்னர் எலும்பும் வளர்கின்றன. பிடுங்கிய பின் மருத்துவர் சொல்லும் அறிவுரைகள் ஏறக்குறைய அனைத்தும் இந்தக் கட்டியைக் காப்பதற்கே. பஞ்சுத்துணியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்ப்பது கட்டியைக் கலைக்கும். முதல் 24 மணி நேரத்தில் வாய் கொப்பளித்தல், துப்புதல், உறிஞ்சுகுழலால் குடித்தல், புகைத்தல் ஆகியன கூடா. உமிழ்நீரில் சிறிது இரத்தம் கலந்தாலே வாய் நிறைய இரத்தம் போலத் தோன்றும்; அதைத் துப்பத் துப்பக் கசிவு மிகும். ஆறிய கஞ்சி, தயிர்ச்சோறு போன்றவற்றை மறுபக்கத்தால் உண்ணலாம். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மென்மையாகக் கொப்பளிக்கலாம். மரப்பு நீங்குமுன் குழந்தைகள் தம் உதட்டைத் தாமே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதால் அவர்களைக் கவனித்தல் வேண்டும்.

கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெறுமையாக வெளிப்படும். இந்நிலை உலர் பற்குழி எனப்படும். பிடுங்கிய நாளில் வலி குறைந்து, இரண்டு முதல் நான்கு நாட்களுக்குப் பின் காது வரை பரவும் கடும் வலியும் துர்நாற்றமும் தோன்றுவது இதன் அடையாளம். கீழ் ஞானப்பல்லை எடுத்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது கூடுதலாக வருகின்றது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்திட்டால் வலி விரைவில் தணியும்.

மேல் கடைவாய்ப்பற்களின் வேர்நுனிக்கு மேலே மூக்கோடு தொடர்புடைய காற்றறை உள்ளது. அரிதாக இரண்டுக்கும் இடையே துளை ஏற்பட்டு, குடிக்கும் நீர் மூக்கு வழியே வரலாம். கீழ் ஞானப்பல்லை எடுக்கையில் நரம்பு நசுங்கினால் உதடும் தாடையும் வாரக்கணக்கில் மரத்திருக்கும். பெரும்பாலானோருக்கு இது மீண்டுவிடும். மிகச் சிலருக்கே நிலைத்துவிடுகின்றது.

வரலாறு

அரிசுட்டாட்டிலின் பெயரால் வழங்கும் இயந்திரவியல் வினாக்கள் பற்றிய கிரேக்க நூலில், வெறுங்கையைவிடக் குறட்டால் பல்லை எளிதில் எடுக்க முடிவது ஏன் என்று ஒரு வினா உள்ளது. குறடு என்பது எதிரெதிராக அமைந்த இரு நெம்புகோல்கள் என்பதே அங்கு தரப்படும் விடை. கி. பி. முதலாம் நூற்றாண்டின் உரோம எழுத்தாளர் செல்சசு, ஈறை விலக்கிப் பல்லை நன்கு அசைத்துத் தளர்த்திய பின்னரே எடுக்க வேண்டும் என்றார். கி. பி. 1000 அளவில் கோர்தோபாவில் வாழ்ந்த அல்-சகராவி பல் பிடுங்கும் கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். வலிக்கும் பல் எது என்பதில் நோயாளியே ஏமாறக்கூடும், நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு வலி அப்படியே இருக்கக் காண்பார் என்றும் அவர் எச்சரித்தார். இவ்வெச்சரிக்கை இன்றளவும் பொருந்தும்.

ஐரோப்பாவில் நாவிதர்களும் சந்தைகளில் சுற்றித் திரிந்த பல் பிடுங்குவோரும் இத்தொழிலைச் செய்தனர். 18 ஆம் நூற்றாண்டில் பரவிய பற்சாவி என்னும் கருவி, பூட்டைத் திறப்பது போலப் பல்லைப் பக்கவாட்டில் திருகியது. அது பல்லோடு எலும்பையும் அடிக்கடி பெயர்த்தது. ஒவ்வொரு பல்லின் கழுத்து வடிவிற்கும் பொருந்துமாறு குறடுகளை இங்கிலாந்தின் சான் தோம்சு 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடிவமைத்த பின் அக்கருவி மெல்ல மறைந்தது.

வலியின்றிப் பிடுங்கும் விருப்பமே மயக்கவியல் என்னும் துறையைத் தோற்றுவித்தது எனலாம். ஐக்கிய அமெரிக்காவின் ஆர்ட்ஃபோர்டில் பல் மருத்துவர் ஓரேசு வெல்சு, 1844 டிசம்பர் 11 அன்று சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்தார். அடுத்த மாதம் பாசுட்டனில் அவர் அளித்த செயல்விளக்கத்தில் நோயாளி கத்திவிட்டதால் எள்ளலுக்கு ஆளானார். அவருடன் முன்பு தொழில் செய்த வில்லியம் மார்ட்டன் 1846 செப்டம்பர் 30 அன்று ஈதர் கொடுத்து ஒரு நோயாளியின் பல்லை வலியின்றி எடுத்தார். அடுத்த மாதமே அம்முறை அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்குள் நுழைந்தது. இன்று பயன்படும் லிக்னோகெய்னைச் சுவீடனின் நில்சு லோஃப்கிரன் 1943 ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

வலி ஒழிந்ததால் பிடுங்குதல் அளவுமீறிப் போன காலமும் உண்டு. 1910 ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் அன்டர், வாயில் உறையும் கிருமிகளே உடலின் பல நோய்களுக்குக் காரணம் என மான்ட்ரியலில் உரையாற்றினார். இதைத் தொடர்ந்து மூட்டுவலி முதல் வயிற்றுநோய் வரை எல்லாவற்றுக்கும் பற்கள் பிடுங்கப்பட்டன. நியூ செர்சியின் திரென்டன் மனநல மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய என்றி காட்டன், மனநோய்க்கும் இதுவே காரணம் என நம்பி, நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கச் செய்தார். பற்களோடு நில்லாது குடலின் பகுதிகளையும் அகற்றினார், பலர் இறந்தனர். தம் பிள்ளைகளின் பற்களையும் அவர் பிடுங்கச் செய்தார் என்பதால், அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்று கொள்ளலாம். நம்பிக்கை சான்றாகாது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 1930களுக்குப் பின் இக்கொள்கை செல்வாக்கு இழந்தது.

பல் போன இடம்

பல் இல்லாத எலும்புக்கு வேலை இல்லை. எனவே அது குறையத் தொடங்கும். பிடுங்கிய இடத்தில் எலும்பு முகட்டின் அகலம் ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறையலாம். இக்குறைவின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்கின்றது. பக்கத்துப் பற்கள் இடைவெளியை நோக்கிச் சாயும். எதிர்த்தாடைப் பல் இறங்கி வரும். கழற்றி மாட்டும் பல்செட், பக்கத்துப் பற்களைத் தேய்த்து அவற்றின்மேல் நிறுத்தும் பாலப்பல், எலும்பில் டைட்டானியம் திருகை ஊன்றி அதன்மேல் பல் பொருத்தும் உள்வைப்பு ஆகியன மாற்று வழிகளாக உள்ளன. உள்வைப்பு பொருத்த எண்ணுவோர் எலும்பு குறையுமுன் மருத்துவரிடம் பேசுவது நல்லது. ஞானப்பல்லின் இடத்தில் மாற்றுப்பல் எதுவும் வைக்கப்படுவதில்லை. உள்வைப்பைச் சுற்றிப் பல்சூழ் நார் வளர்வதில்லை. எலும்பு திருகோடு நேரடியாக ஒட்டிக்கொள்கின்றது. ஆகவே சோற்றிலுள்ள கல்லை இயற்கைப் பல் உணர்வது போல் அது நுட்பமாக உணர்வதில்லை.